பெஞ்சு வரைந்த அக்கா

அந்த அக்கா வெங்காயம் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு முன்னால் வாரம் ஒருநாள் சாயங்காலம் பாசார் என்று சந்தை போடுவார்கள். முதல் கடையில் வெங்காயத்தை எடுத்து அமுக்கிப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடைசிக் கடைவரை பார்த்துவிட்டு, முதல் கடையே தேவலாம் என்று அவர் திரும்பி வரும்போது கடைக்காரர் கூடாரத்தைச் சுருட்டி லோரியில் ஏற்றிக்கொண்டிருப்பார். அப்புறம் என்ன, எங்கள் வேலியோரம் வந்து நின்று, "தங்கச்சி, ரெண்டு வெங்காயம் இருக்குமா?" என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு நான் எப்போதும் கூடுதலாக வாங்கி வைத்திருப்பேன்.

ஒரு தீபாவளிக்கு அவரோடு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குச் சேலை எடுக்கப் போய்த் தொலைத்தேன். ஏறி இறங்காத கடை இல்லை. ஒரு கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, இதே சேலைய காலையிலேர்ந்து பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுறேன். நீங்க வாங்க வேணாம் லா, மடிச்சாவது குடுத்துட்டுப் போங்க" என்றார். அக்கா கோபப்படவில்லை. உட்கார்ந்து பொறுமையாக மடித்துக் கொடுத்தார். பிறகு வேறு கடைக்குப் போனோம். கடைசியில் வெறுங்கையோடு கொமுட்டர் ரயில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம். எனக்குத்தான் கால் வீங்கியது.

"என்னையே ரெண்டு வாட்டி பொண்ணு பாக்க வரச் சொன்னவம்மா இவ" என்பார் அவருடைய கணவர். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். "மொத வாட்டி வந்து பஜ்ஜி சாப்ட்டுப் போனேன். பதிலே இல்ல. அப்புறம் ஆள் விட்டு, பொண்ணு மாப்பிள்ளய இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்லுதுன்னாங்க. எங்கண்ணன் வர மாட்டேன்னுட்டாரு. நான் மட்டும் வெக்கங்கெட்டு மோட்டோர் சைக்கிள்ல போனேன்."

"ரெண்டாவது தடவதான் நல்லா சிரிச்சீங்க" என்பார் அக்கா, அடுப்படியிலிருந்து.

இப்படிப்பட்டவர் ஒரு மரப் பெஞ்சு செய்ய வேண்டி வந்தது. நான் இப்போது அந்தத் தாமானில் இல்லை. ஆனாலும் ஏதாவது மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கிறீர்களா என்று கணினி கேட்டால் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் வருகிறது.

அண்ணே துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லோரி ஓட்டியவர். ஆள் நல்ல பருமன். சர்க்கரை வியாதியில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னொரு காலிலும் பாதி உணர்ச்சி இல்லை. அவர் வார்டில் இருக்கும்போதே அவருடைய அண்ணன் சுங்கை பூலோவிலிருந்து வந்தார். வந்தவர் ஹாலில் உட்காரவில்லை. நேரே சமையல்கட்டைத் தாண்டிப் பின்னால் கழிப்பறையோடு சேர்ந்திருந்த குளியலறைக்குப் போய் வாசலில் நின்று பார்த்தார்.

அது பழைய ஒற்றை மாடி வீடு, வாடகைக்கு எடுத்தது. குளியலறை வாசல் குறுகல். சக்கர நாற்காலி நுழையாது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் ஒரு சிமெண்டு வரம்பு கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டினால் உள்ளே தரை ஒரு படி பள்ளம், எப்போதும் ஈரம்.

"இதுல எப்படிம்மா அவன் போவான்? நீ தூக்குவியா?" என்று மூத்தவர் கேட்டார். அக்கா அண்ணேயில் பாதிகூட இருக்க மாட்டார்.

ஹாலில் ஒரு கழிப்பறை நாற்காலி வைத்துத் திரை போட்டுவிடலாம் என்று வார்டில் நர்ஸ் சொல்லியிருந்தார். அண்ணே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாமி படம் இருக்கற எடத்துல நான் அதுக்கு உக்காரணுமா? அதுக்கு என்னைய பந்திங்லயே கொண்டு போயி விட்ருங்க" என்றார். பந்திங்கில் மூத்தவருக்குத் தெரிந்த ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. அவர் அங்கே ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

"நான் ஏற்பாடு பண்றேன், மாமா" என்றார் அக்கா.

"நீயா?" என்றார் மூத்தவர். கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "சரி. டிஸ்சார்ஜ் அன்னைக்கு நானே அவன வேன்ல கூட்டியாறேன். யாரும் தூக்காம அவனே பாத்ரூம் போயி வந்தான்னா இங்க இருக்கட்டும். இல்லன்னா அப்படியே பந்திங். அன்னைக்கு நீ அழக்கூடாது, நானும் சத்தம் போட மாட்டேன்."

மூத்தவர் கெட்டவர் இல்லை. தம்பியைத் தினமும் வார்டில் வந்து பார்த்தவர். அக்காவை நம்பி எதையும் விட முடியாது என்பது அவருடைய பல வருட அனுபவம். எனக்கும் அதே அனுபவம்தான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. வார்டில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் விளக்கியிருந்தார். வாசல் வரம்பைத் தாண்டி நீளவாக்கில் ஒரு பெஞ்சு. பாதி வெளியே, பாதி உள்ளே. அண்ணே சக்கர நாற்காலியிலிருந்து வெளிப்பாதியில் நகர்ந்து உட்கார்ந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு உள்பாதிக்குப் போய்விடலாம். வெளியே நிற்கும் கால்கள் குட்டை, உள்ளே பள்ளத்தில் நிற்கும் கால்கள் நெட்டை. கடையில் விற்கிற பெஞ்சு குளியல் தொட்டிக்கென்று செய்தது, இந்த வாசலுக்கு நீளம் பத்தவில்லை. சமையல்கட்டு அலமாரி செய்கிற ஆட்களைக் கேட்டோம். முழுச் சமையல்கட்டு என்றால் உடனே வருகிறோம், ஒரு பெஞ்சுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

"நானே செய்யுறேன்" என்றார் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் அவர் மேருவில் ஒரு பர்னிச்சர் தொழிற்சாலையில் பலகைக்கு உப்புத்தாள் தேய்த்தவர். "அங்க எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டுத்தான் அறுப்பாங்க, தங்கச்சி. மொதல்ல படம். அப்புறம் எந்தப் பலகை எவ்ளோ நீளம்னு ஒரு தாள் வரும். அதப் பாத்து அறுத்தா தப்பே வராது. நீதான் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றவளாச்சே."

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சுக்கடையில் கல்யாணக் கார்டு வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையாரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் குத்துவிளக்கு நிறுத்துவது என் தொழில். அதற்கும் பெஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கிற மாதிரி இல்லை. என் பழைய மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

மர வேலைக்கான மென்பொருள் என்று தேடினால் வந்துகொண்டே இருந்தன. பாசாரில் வெங்காயக் கடைகளைப் போல ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. அக்காவுக்குக் கேட்க வேண்டுமா? முதலில் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற பெரியது ஒன்று. அதற்கு வருடாவருடம் பணம் கட்ட வேண்டும், அதுவும் அமெரிக்கக் காசில். "வருசா வருசமா? நான் ஒரே ஒரு பெஞ்சுதானே செய்யப் போறேன்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். சில நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது, ஆனால் அதற்கும் வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. அக்கா தன் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

அடுத்தது இணையத்திலேயே திறந்து வரையக்கூடியது, இலவசம். அதில் சோபாவும் கட்டிலும் பூந்தொட்டியும் தயாராக இருந்தன. எடுத்து எடுத்து வைத்தால் அழகான வீடு வந்தது. இரண்டு உயரத்தில் கால் வைத்த பெஞ்சு மட்டும் வரவில்லை. வேறொன்று எல்லாம் செய்தது, ஆனால் கைபேசியிலிருந்து எடுத்த இணைப்பு நடுவில் அறுந்தால் வரைந்ததும் கூடவே போய்விடும். கைபேசியிலேயே வரையக்கூடிய ஒன்று கிடைத்தது. ஒரு பலகையைச் சேர்த்தால் உடனே ஒரு விளம்பரம் வந்து, கடன் வேண்டுமா என்று கேட்கும். ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்கிற ஒன்றுக்கு அக்கா மனசு இளகியது. என் மடிக்கணினி அதைத் திறக்க முடியாமல் மூச்சு வாங்கி அணைந்துபோனது.

இதற்குள் எனக்கே கொஞ்சம் விவரம் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒரு சாமான் செய்கிறவர்களுக்கு அழகான படம் தேவையில்லை. இணைப்பு இல்லாமல் வேலை செய்ய வேண்டும், மில்லிமீட்டரில் அளவு காட்ட வேண்டும், கடைசியில் அறுக்க வேண்டிய பலகைகளின் பட்டியலைத் தர வேண்டும். இந்த மூன்றும் இருந்து காசு கேட்காமல் இருந்தால் அதுவே போதும். இதை அக்காவிடம் சொன்னேன். "சரியாச் சொன்னே" என்றார். சொல்லிவிட்டு இன்னொன்றைத் தேடினார்.

நான் சொன்ன மாதிரியே ஒன்று கிடைத்ததுதான் வேடிக்கை. சொந்த உபயோகத்துக்கு இலவசம். திறந்ததும், நீங்கள் யார் என்று கேட்டது. மாணவர், தொழில் செய்பவர், பொழுதுபோக்குக்குச் செய்பவர், இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும்.

"ஹோபின்னு போட்டுருக்கே, அது என்னா?" என்றார்.

"பொழுதுபோக்கு, அக்கா. சும்மா ஆசைக்குச் செய்யுறவங்க. அதத் தொடுங்க, அதுதான் ஃப்ரீ."

அக்கா தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற இல்லியா?" என்று கேட்டார்.

"வேற என்னாக்கா இருக்கும்?"

"இல்ல, புருசன வீட்டுல வெச்சுக்கணும்னு செய்யுறவங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு பொழுதுபோக்கைத் தொட்டார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போய் நின்றேன்.

அண்ணே வார்டிலிருந்து தினமும் போன் செய்வார். "பெஞ்சு என்னாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. "முடிஞ்சிருச்சுங்க, பாலிஷ் மட்டும் பாக்கி" என்பார் அக்கா. ஹாலில் பிளைவுட் பலகை வாங்கி வந்தபடியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும். ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. "என்னா கலரு?" என்று அவர் விடாமல் கேட்பார். அக்கா தடுமாறி, தேக்கு கலர் என்பார். அடுத்த நாள் கேட்டால் வேறு கலர் சொல்வார். அண்ணே உடனே போனை வைத்துவிடுவார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற இட்லி கொண்டுபோனேன். கூப்பிட்டும் பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் குளியலறைத் தரையில் அக்கா கிடக்கிறார். வலது காலை மடக்கித் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். வாசலில் ஒரு சாப்பாட்டு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. முழங்கையில் தோல் பிய்ந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. பதறிப்போய்த் தூக்கினேன்.

"அவரு மாதிரி போயிப் பாத்தேன்" என்றார், எழுந்து உட்கார்ந்ததும். "விழுந்தா எங்க அடிபடும்னு தெரியணும்ல."

"தெரிஞ்சுதா?"

"எல்லா எடத்துலயும் படுது, தங்கச்சி."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த இலவச மென்பொருளில் அவர் வரைந்த பெஞ்சு முந்தின நாளே முடிந்திருந்தது. நன்றாகவும் இருந்தது. வாசல் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி விட்டு, அண்ணேயின் பருமனுக்கு எவ்வளவு அகலம் முடியுமோ அவ்வளவு வைத்திருந்தார். கால்களின் உயரம் சரி, உள்ளே ரப்பர் வைப்பதுகூட யோசித்திருந்தார். அதை மூடிவிட்டு, சரிதானா என்று பார்க்க வேறொரு மென்பொருளில் அதே பெஞ்சை முதலிலிருந்து வரைய ஆரம்பித்திருந்தார்.

"இன்னும் என்னாக்கா பாக்கணும்? அறுங்கக்கா! எதுல வரைஞ்சாலும் பெஞ்சு பெஞ்சுதான். நீங்க இப்படியே பாத்துக்கிட்டு இருங்க, அண்ணேய அங்க கொண்டு போயி விட்ருவாங்க!" என்று கத்தினேன்.

அக்கா கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார்.

"மொதல்ல அவரு கால் வெரல மட்டும் எடுத்தா போதும்னாங்க" என்றார். "நான்தான் இன்னொரு டாக்டரப் பாக்கலாம்னேன். அவரும் அதே சொன்னாரு. அப்புறம் எண்ணெ போட்டே கொணமாக்குறவரு ஒருத்தரு இருக்காருன்னாங்க, அங்கயும் கூட்டிட்டுப் போனேன். எல்லாரையும் பாத்துட்டு மொத டாக்டர்கிட்டயே திரும்பி வந்தேன். வெரலோட போக வேண்டியது. அதப் பத்தி இவரு இன்னும் என்னைய ஒரு வார்த்த கேக்கல."

முழங்கைக்கு மருந்து வைத்துக் கட்டினேன். இட்லியை இருவரும் தொடவில்லை.

கடைசியில் அவர் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார் என்றால், மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது எது திறந்திருந்ததோ அதைத்தான். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்றார்கள். நல்லவேளை, அப்போது அந்தப் பொழுதுபோக்கு மென்பொருள் திறந்திருந்தது. பலகைப் பட்டியலை எங்கள் அச்சுக்கடையில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தேன். வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு என் காடியின் கூரையில் பிளைவுட்டைக் கட்டி, கிள்ளானில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோனோம். கடையில் பெரிய ரம்பம் உண்டு. அளவு சொன்னால் கடை முதலாளி தவுக்கே, ஒரு சீனர், அறுத்துத் தருவார். காடி நிறுத்த இடம் இல்லை. சமான் எழுதி அபராதம் போட்டுவிடுவார்கள் என்று நான் காடியிலேயே இருந்தேன். அக்கா தாளோடு உள்ளே போனார். வெகுநேரம் கழித்துப் பலகைகளோடு வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு அப்படிப் பார்த்தேன். ஒரு கைரம்பமும் அளவு நாடாவும்கூட வாங்கியிருந்தார்.

சாயங்காலம் இருட்டுவதற்குள் பெஞ்சு நின்றுவிட்டது. நான் பிடித்துக்கொண்டேன், அவர் திருகாணி முடுக்கினார். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பட்டாக்கினார். பெஞ்சு சமமாக நிற்க ஹாலில் குட்டைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குதித்தும் பார்த்தேன். அசையவில்லை. "அக்கா, பேக்டரியே வெச்சிரலாம்" என்றேன். அவர் சிரித்தார். காலையில் முதல் வேலையாகக் குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்துவிடலாம் என்று பிரிந்தோம்.

மறுநாள் கதவைக் கழற்றினோம், வாசலுக்கு உள்பக்கம் ஒரு திரை கட்டினோம். ஆளுக்கொரு பக்கம் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனோம். அது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். இரண்டு விரல் அகலம் கூடுதல்.

"எப்படிக்கா? படத்துல சரியாத்தானே இருந்துச்சு?" என்றேன். அச்சடித்த தாளை எடுத்துப் பார்த்தேன். தாளில் சரியாக இருந்தது. பெஞ்சை அளந்தேன். தாளில் இருந்த அளவு பெஞ்சில் இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அளவு நாடாவை நீட்டிக் காட்டினார். இங்கே ஹார்டுவேர் கடைகளில் விற்கிற நாடாதான். எண்களோடு சிவப்பிலும் கறுப்பிலும் சீன எழுத்துகள் மாறி மாறி வரும். சிவப்பு நல்ல அளவு, கறுப்பு ஆகாத அளவு. சீனர்கள் வாசலுக்கும் கட்டிலுக்கும் சாமி மேசைக்கும் அதைப் பார்த்துத்தான் அளவு வைப்பார்கள். அக்கா வேலை செய்த தொழிற்சாலையிலும் கறுப்பில் விழுந்த கட்டிலைச் செய்ய மாட்டார்களாம்.

"தவுக்கே அளக்குறப்ப பாத்தேன். நம்ம அகலம் கறுப்புல விழுந்துச்சு. என்னா எழுதியிருக்குன்னு கேட்டேன். அவரு சொல்ல மாட்டேன்னாரு. விடாம கேட்டேன். நோய்னு போட்டுருக்குன்னாரு" என்றார். "கட்டைய எப்படிம்மா நோயில அறுக்கச் சொல்வேன்? அதுலதானே அவரு தெனம் உக்காரப் போறாரு. சிவப்புக்கு நவுத்தச் சொன்னேன். கொறச்சா அவருக்கு எடம் பத்தாது. கூட்டுனா சௌகரியம்தானேன்னு..."

"வாசல் அகலம்?"

"அந்த நேரத்துல வாசலே ஞாபகத்துல இல்ல. நோய்ங்கற வார்த்ததான் காதுல நின்னுச்சு."

அவ்வளவு மென்பொருள் பார்த்து, ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பாமல் வரைந்து, எல்லாவற்றையும் தவுக்கேயின் ரம்பத்துக்கு முன்னால் நின்று ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டு வந்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் எடுத்த ஒரே முடிவு அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அழுகை வந்தது. அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது. பெஞ்சின் ஓரத்தை அறுக்கலாம் என்றால் கால்கள் ஓரத்தில்தான் முடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

மூத்தவர் தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சமையல்கட்டுவரை வந்துவிட்டார். அண்ணே இளைத்திருந்தார். அக்காவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "நல்லாத்தான் செஞ்சிருக்க" என்று மட்டும் சொன்னார். மூத்தவர் சொன்னபடி சத்தம் போடாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, திருப்புவதற்குத் தயாராக நின்றார். அண்ணேயின் துணிப்பையை அவர் வேனிலிருந்து இறக்கவே இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அக்கா எழுந்தார். கைரம்பத்தின் அட்டை உறையைப் பல்லால் கிழித்தார். பெஞ்சுப் பக்கம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. குளியலறை வாசலின் மர நிலையில், பெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ரம்பத்தை வைத்தார்.

"அக்கா, அது வீட்டுக்காரரோட நெலை!" என்றேன்.

அளக்கவில்லை. பென்சிலால் கோடு போடவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இழுக்க ஆரம்பித்தார். பழைய மரம், கெட்டியானது. ரம்பம் முதலில் வழுக்கியது, கையில் பட்டு இரத்தம் வந்தது. துடைக்காமல் இழுத்தார். முழங்கைக் கட்டு அவிழ்ந்து தொங்கியது. மூச்சு பலமாகக் கேட்டது, நடுவில் விசும்பலா வார்த்தையா என்று தெரியாத ஒரு சத்தம். நான் பிடிக்கப் போனேன், தோளால் தள்ளிவிட்டார். நிலையை ஊடுருவி ரம்பம் சுவரில் உரசியதும் அதைக் கீழே போட்டார். அம்மிக் குழவியை எடுத்து நிலையின் கீழ்த்துண்டை ஓங்கி அடித்தார். சிமெண்டு பெயர்ந்து, ஆணிகள் கீச்சிட்டு, துண்டு தனியே வந்து விழுந்தது.

நானும் அவரும் பெஞ்சைத் தூக்கி உள்ளே தள்ளினோம். நுழைந்தது. நெட்டைக் கால்கள் பள்ளத்தில் இறங்கி நின்றன.

அக்கா அண்ணேயைத் தொடவில்லை. ஒதுங்கிச் சுவரோடு நின்றார். அண்ணே சக்கர நாற்காலியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கைகளை ஊன்றி நகர்ந்தார். பெஞ்சு முனகியது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார். பாதியில் நின்று மூச்சு வாங்கினார். மூத்தவரின் கை தானாக நீண்டது. "தொடாதண்ணே" என்றார் அண்ணே. பிறகு திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

நாங்கள் மூவரும் சமையல்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. பல வாரங்களாக ஈரத்துணியால் துடைத்துவிடப்பட்ட மனுஷன் குளிக்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

மூத்தவர் இருமினார். பெயர்ந்த சிமெண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இன்னைக்குப் போயிட்டான், சரி" என்றார். "ஆனா தெனம் இப்படியா? அங்க ஒரு மாசம் மட்டும் விட்டுப் பாப்போமே. புடிக்கலன்னா திரும்பக் கூட்டியாந்துரலாம். சும்மா ஒரு ட்ரையல் மாதிரி. யோசிச்சு நாளைக்குச் சொல்லேன்."

யோசிக்கச் சொன்னால் அக்கா யோசிப்பார். நாளைக்கு என்றால் நாளை மறுநாள் என்பார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேணாம், மாமா" என்றார் அக்கா. "அவரு துணிப்பை வேன்லயே இருக்கு. எடுத்துட்டு வாங்க. குளிச்சிட்டு மாத்தணும்."

மூத்தவர் அறுபட்ட நிலையைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்குப் போனார்.